அக்குவா ஹைபிரிட், உப்புவெளி – ஹபரணை தினப் பயணம்: லீற்றருக்கு 19 கி.மீ.தான் வருகுது, மிச்சம் எங்கே போகுது?

#1 · உப்புவெளிச் சாரதி
வணக்கம். கார் 2013 டொயோட்டா அக்குவா, 1 இலட்சத்து 48 ஆயிரம் ஓடியது. வாரத்தில் 5 நாள் ஏ6 வழியே ஹபரணை, ஒரு வழி 88 கி.மீ. காலை 6 மணிக்குப் புறப்பாடு, பின்னேரம் 4 மணிக்குத் திரும்பல். காரில் ஒருவர் மட்டும். ஏசி 24இல். கந்தளாய் தாண்டினால் வேகம் 80 – 85. பெற்றோல் 92.
கடைசி நிரப்பலில் 526 கி.மீ.க்கு 27.4 லீற்றர், அதாவது 19.2. காரின் திரை 20.8 என்று காட்டுது. ரயர் 185/65 ஆர்15. எச்சரிக்கை லைட் ஒன்றும் எரியவில்லை. ஒரு கராஜில் ஹைபிரிட் பற்றரி மாற்றினால்தான் சரிவரும் என்கிறார்கள். மாற்றத்தான் வேணுமா?

#2 · தம்பலகாமத்தான்
பற்றரியில் கை வைக்காதேங்கோ. முதலில் கணக்கைச் சரிபண்ணுவம்.
உங்கட காருக்குரிய ரயர் 175/65 ஆர்15. விட்டம் ஏறத்தாழ 608 மி.மீ. இப்ப போட்டிருக்கிற 185/65 ஆர்15 ஏறத்தாழ 621 மி.மீ. சில்லு 2.1 வீதம் பெரிசு. மீற்றர் 100 காட்டேக்க கார் 102.1 ஓடியிருக்கும். அதால 526 இல்லை, 537. அதை 27.4ஆல் பிரித்தால் 19.6. உங்கட உண்மையான எண் இதுதான். இனி எல்லா நிரப்பலுக்கும் 1.021ஆல் பெருக்கிப் போட்டுச் சொல்லுங்கோ.
திரையை விட்டுவிடுங்கோ. அது வழமையாகவே 5 முதல் 10 வீதம் கூட்டிக் காட்டும். ஒரே பெற்றோல் செட், ஒரே பம்ப், கார் நிற்கிற பக்கமும் ஒன்று. முதல் 'டிக்' சத்தத்தோட நிறுத்தச் சொல்லுங்கோ. மேலும் அமுக்கி நிரப்பினால் ஒரு லீற்றர் வரை முன்பின் ஆகும். 10 லீற்றர் நிரப்பலில் அது 10 வீதப் பிழை, 27 லீற்றரில் 4 வீதத்துக்கும் குறைவு. அக்குவா தாங்கி 36 லீற்றர்தான், 25க்கு மேல் போனபிறகு நிரப்புங்கோ.

#3 · சீனக்குடா மின்னியல்
தம்பலகாமத்தார் சொன்னது சரி. பற்றரி பற்றி நான் சொல்கிறேன். இதில்தான் ஆட்கள் வீண் செலவு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.
அக்குவாவில் உள்ளது நிக்கல் வகைப் பற்றரி, 144 வோல்ட், 6.5 ஆம்பியர்மணி. பெருக்கினால் 0.94 கிலோவாட்மணி. கார் அதை முழுக்க ஏற்றவும் விடாது, முழுக்க இறக்கவும் விடாது. ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையில்தான் வைத்துக்கொள்ளும். அப்படியானால் கையில் புழங்குவது 0.37 கிலோவாட்மணி. ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ள சக்தி ஏறத்தாழ 8.9 கிலோவாட்மணி, எஞ்சின் அதில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலேதான் வேலையாக மாற்றும். ஆகவே பற்றரியின் முழுப் புழக்கமும் 0.12 லீற்றர் பெற்றோலுக்குச் சமன். தாங்கிக்குள் இன்னும் ஒரு தேநீர்க் கோப்பை பெற்றோல் கூட இருக்கிறது, அவ்வளவே.
திருகோணமலைப் பட்டினத்துக்குள் நின்று நின்று போகும்போது அந்தக் கோப்பை நிரம்பி வடிந்து நிரம்பி வடிந்து பெரிய உதவி செய்யும். ஹபரணைப் பாதையில் நிற்க வேண்டிய இடம் எத்தனை? 70இல் ஓடுகிற 1,200 கிலோ வாகனத்தின் ஓட்டச்சக்தி 0.063 கிலோவாட்மணி. ஒரு முறை நிறுத்தும்போது அதில் பாதிக்குச் சற்று மேல் திரும்பினால் நல்லது. பத்துத் தரம் நின்றாலும் கிடைப்பது 0.1 லீற்றருக்கும் கொஞ்சம் மேல்.
நீண்ட பாதையில் அக்குவா சிக்கனமாக ஓடுவதற்குக் காரணம் குறைந்த பெற்றோலில் வேலை செய்யும் அட்கின்சன் முறை எஞ்சினும், அதைச் சுமை நன்றாக உள்ள இடத்திலேயே வேலை செய்ய விடும் கோள் பற்சக்கரத் தொகுதியும். பற்றரி களைத்துப்போனால் எஞ்சின் அடிக்கடி எழும்பும், அது உண்மை. ஆனால் லீற்றருக்கு 3, 4 கி.மீ. குறைவதற்கு முதல் சந்தேகம் பற்றரி மேல் வரக்கூடாது.
பற்றரி உண்மையிலேயே பழுதென்றால் அடையாளம் தெரியும். திரையில் உள்ள 8 கட்டத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் 7இலிருந்து 2க்கு விழுந்து, திரும்ப வேகமாக ஏறும். பின் சீட்டுக்குள் விசிறி இரையும். கடைசியில் பி0ஏ80 என்ற குறியீடு வரும். காரின் கணினியில் உள்ள எண்களைப் படிக்கும் புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று செருகி, மேட்டில் அழுத்தி ஏறும்போது பற்றரியின் ஒவ்வொரு பிளாக்கின் (பகுதியின்) வோல்ட்டையும் பாருங்கள். எல்லாம் சேர்ந்து விழுந்தால் பயமில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் தனியாக விழுந்தால்தான் பேச்சு.

#4 · உப்புவெளிச் சாரதி
ஸ்கேனரில் பார்த்தேன். அழுத்தும்போது பிளாக்குகளுக்கிடையில் அதிக வித்தியாசம் 0.2 வோல்ட். கட்டம் 4க்கும் 6க்கும் இடையில்தான் ஆடுது. பற்றரி வெப்பம் பின்னேரம் 43 பாகை.

#5 · சீனக்குடா மின்னியல்
பற்றரி நல்லது. மாற்ற வேண்டாம். 43 மட்டும் கொஞ்சம் கூட.
பின் சீட்டுக்குக் கீழே பற்றரிக்குக் காற்று இழுக்கும் வாசல் இருக்கிறது. சீட் உறை, பை, குடை, பாய் ஏதாவது அதை மூடியிருக்கிறதா பாருங்கள். காரை நிறுத்தி, சாவியை எடுத்து வைத்துவிட்டு, வாசல் மூடியைக் கழற்றி, வலை இருந்தால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். கராஜில் காற்றுக் குழாயால் வாசலுக்குள் நேரே அடிக்க விடாதீர்கள், தூசு முழுக்கப் பற்றரிக்குள் போய்ப் படியும். விசிறித் தகட்டில் கம்பளி மாதிரித் தூசு ஒட்டியிருந்தால் விசிறியையே கழற்றித் தூரிகையால் எடுக்க வேண்டும். செம்மஞ்சள் நிறக் கம்பியை (உயர் வோல்ட் கம்பி) கண்டால் அங்கே கை வேண்டாம். அது பெரிய பற்றரியின் இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் பொறுத்து, 1,000 வோல்ட் தாங்கும் றப்பர் கையுறையோடு செய்கிறவர்களின் வேலை.
இன்னொன்று. பற்றரி குளிர்வது காருக்குள் இருக்கும் காற்றால். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஏசியை நிறுத்தி வேர்த்துக்கொண்டு ஓடினால் பற்றரியும் அதே சூட்டைத்தான் குடிக்கும். சூடு கூடினால் கார் தானாகவே ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறைத்துவிடும். உள்ளே குளிர்ந்த பிறகு ஏசி எடுப்பது 1 கிலோவாட் அளவுக்குள். 24 – 25இல் வைத்து, வெளிக்காற்றை மூடி ஓடுவதே சரி.

#6 · கிண்ணியா நானா
அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் காருக்குள்ளயே தேடுறீங்க தம்பிமாரே. இது கச்சான் காத்துக் காலம்.
கச்சான் தென்மேற்கால வருது. ஹபரணை எங்க இருக்கு? திருகோணமலைக்குத் தென்மேற்கே. காலையில அவர் காத்துக்கு நேரே முகம் குடுத்துப் போறார், பின்னேரம் காத்து முதுகில தள்ளுது. போக்கும் வரத்தும் சேர்ந்தா சரியாப் போயிரும் எண்டு ஆக்கள் நினைக்கிறாங்க. சரியாப் போகாது. 70ல ஓடக்க 20 கி.மீ. எதிர்க்காத்து எண்டா கார் உணர்றது 90. காத்துத் தடை வேகத்தின்ட வர்க்கத்துக்கு ஏறும், 90ஐ 70ஆல பிரிச்சு வர்க்கம் எடுத்தா 1.65. திரும்பி வரக்க 50ஐ 70ஆல பிரிச்சு வர்க்கம் எடுத்தா 0.51. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கினா 1.08. காத்தில்லாத நாளைவிட 8 வீதம் கூடத் தடை, போக வர ரெண்டும் சேர்ந்தே.
மார்கழி, தையில வடகிழக்கால வாடைக் காத்து வரக்க இது அப்படியே தலைகீழ். போறது சுகம், வீட்டுக்கு வாறது பாடு. அதனால ஆடி மாதத்து எண்ணையும் தை மாதத்து எண்ணையும் பக்கத்தில வெச்சு ஒப்பிடவே கூடாது. ஒரு வழியை மட்டும் அளந்து ஆர்ப்பரிக்கவும் கூடாது.

#7 · தம்பலகாமத்தான்
நானா சொன்ன காற்றோட ஏற்றத்தையும் சேருங்கோ. கடல் மட்டத்தில இருந்து உள்நாட்டுக்குப் போறது ஏற்றம், கண்ணுக்குத் தெரியாத ஏற்றம். ஒவ்வொரு 100 மீற்றருக்கும் இந்தக் காருக்கு ஏறத்தாழ 0.1 லீற்றர். திரும்பேக்க பெரும்பகுதி வரும். காலைப் பயணத்தின்ர எண் குறைவா இருந்தால் அதுக்கு இதுவும் ஒரு காரணம்.

#8 · குச்சவெளி
வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 70 வரை ஏற்றி, அக்சிலேட்டரை விட்டு 55 வரை எஞ்சின் நிறுத்தி மிதக்க விட்டு, திரும்ப 70க்கு ஏற்றினால் 26, 27 எடுக்கலாம் என்கிறார்களே?

#9 · சீனக்குடா மின்னியல்
வெறிச்சோடின பாதையில் முடியும். ஏ6இல் செய்யாதீர்கள். பின்னால் கொழும்பு பஸ் 15 மீற்றரில் ஒட்டிக்கொண்டு வரும்போது 55க்கு இறங்குவது அவர்களை முந்தத் தூண்டும் வேலை. எதிரே வருகிறவர்களுக்கு அது உயிர் விஷயம்.
ஆனால் 70 என்ற எண்ணில் நியாயம் இருக்கிறது. அக்குவாவில் ஏறத்தாழ 70க்குக் கீழேதான் எஞ்சின் முழுதாக நின்று ஓய்வெடுக்க முடியும். அதற்கு மேலே, கால் எடுத்தாலும் பெற்றோல் வெட்டப்படுமே தவிர எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால், காரில் உள்ள இரண்டு மோட்டாரில் சின்னது அளவுக்கு மிஞ்சிச் சுழலும் என்பதால் அந்த ஏற்பாடு. டொயோட்டா பிரியுஸ் 30இல் அந்த எல்லை 74. நம் நாட்டில் ஊர்களுக்கு வெளியே காருக்குச் சட்டம் விதித்த வேகமும் 70தான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சந்திப்பதைப் பயன்படுத்துங்கள். 66 – 69இல் நிலையாக, திரையில் உள்ள பட்டை ஈகோப் பகுதியின் நடுவில் நிற்கும்படி கால் வைத்தால், சிறு இறக்கத்திலெல்லாம் கார் தானே எஞ்சினை நிறுத்தும். நீங்கள் விளையாட வேண்டியதை அது செய்துகொள்ளும்.
85க்கும் 70க்கும் காற்றுத் தடையில் வித்தியாசம் 47 வீதம். நேரத்தில்? கந்தளாயிலிருந்து ஹபரணை வரை ஏறத்தாழ 45 கி.மீ. 85இல் 32 நிமிடம், 70இல் 39 நிமிடம். ஏழு நிமிடம். அந்தப் பகுதியில் பொழுதுபடும்போது யானை பாதையைக் கடக்கும். 85இல் போகிறவருக்கு நிற்க இடம் கிடைக்காது.
இறக்கத்தில் கியரை 'என்' (நியூட்ரல்) நிலையில் போட்டு விடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. இந்தக் காரில் 'என்' நிலையில் பற்றரி ஏறவே ஏறாது, இறங்க மட்டும் செய்யும். 'டி'யிலேயே (D) விடுங்கள். 'பி' (B) என்ற நிலை மலைநாட்டு நீண்ட இறக்கத்துக்கானது. அங்கே பற்றரி நிரம்பியபின் எஞ்சினைச் சுற்றி வேகத்தைப் பிடிக்கும். நம் பக்கச் சமதரையில் 'பி'யில் ஓடுவது நட்டம்.

#10 · மூதூர் பிரியுஸ்
95 பெற்றோல் அடித்தால்?

#11 · தம்பலகாமத்தான்
காசு வீண். அக்குவாவும் பிரியுஸும் ஜப்பானில சாதாரண பெற்றோலுக்குச் செய்தவை, 92 போதும். பிரியுஸ் 30 ஓட்டுற ஆட்கள் அந்தக் காசைச் சேர்த்து இஜிஆர் குளிராக்கியை (புகையில ஒரு பங்கைக் குளிர்த்தித் திரும்ப எஞ்சினுக்குள்ள விடுற பாகம்) கழற்றிச் சுத்தம் செய்தால் புண்ணியம். 2இசட்ஆர் எஞ்சினில கரி அடைச்சு, காலையில எழும்பேக்க உதறல் வந்து, கடைசியில ஹெட் காஸ்கட்டில போய் முடியும். பி0401 என்ற பிழைக் குறியீடு வரும்வரை காத்திருக்க வேண்டாம். 80,000 – 1,00,000க்கு ஒருக்கா குளிராக்கி, வால்வு, உறிஞ்சு குழாயின்ர சின்னத் துவாரங்கள், எல்லாத்தையும் சேர்த்து எடுக்கவேணும். குளிராக்கியை விட்டிட்டு வால்வை மட்டும் துடைச்சு விட்டால் பயனில்லை.

#12 · உப்புவெளிச் சாரதி
விசிறி வாசலைச் சீட் உறை அரைவாசி மூடியிருந்தது, எடுத்தாச்சு. பற்றரி இப்ப 38. எஞ்சின் தண்ணீர் வெப்பம் 10 நிமிடத்தில் 86, பிறகு 84க்கும் 92க்கும் இடையில் நிற்குது. காற்றுப் பில்டர் புதிது. ஒயில் 0டபிள்யூ-20. ரயர் காற்று நேற்று ஹபரணையில் போய் இறங்கியவுடன் பார்த்தபோது 36 இருந்தது, 32க்குக் குறைத்துவிட்டேன்.

#13 · சீனக்குடா மின்னியல்
தண்ணீர் வெப்பம் சரி, அதைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் வால்வு நல்லது. அது திறந்தபடி சிக்கியிருந்தால் மிதந்து வரும்போது வெப்பம் 70 பாகைக்குக் கீழே விழும், எஞ்சின் நிற்க மறுக்கும்.
ரயரில்தான் தவறு செய்துவிட்டீர்கள். 88 கி.மீ. ஓடிய ரயர் சூடு. 5, 6 பாகைக்கு 1 பிஎஸ்ஐ என்ற கணக்கில் ஏறும். சூட்டில் 32 என்றால் விடியப்புறம் 28. கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற எண்ணைப் பாருங்கள், அது குளிர்ந்த ரயருக்கான எண். காலையில், வெளிக்கிட முன், அதற்கு மேல் 2 பிஎஸ்ஐ கூட்டி அடியுங்கள். 40, 42 என்று அடிக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். மழையில் பிரேக் பிடிக்காது, ரயர் நடுவில் தேயும்.
இனி நான் சந்தேகப்படுவது பிரேக். ஹைபிரிட்டில் மெதுவாகப் பிடிக்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடும், பேட் டிஸ்க்கில் உட்காருவதே குறைவு. உப்புவெளியில் கடற்கரைக்குப் பக்கத்தில் இராமுழுக்க நிற்கிற கார். பேட்டை டிஸ்க்கோடு அமுக்கும் கலிப்பர் வழுக்கி நகர்வதற்கான சிலைட் பின் (ஊசி) கறள் பிடித்து இறுகினால் பேட் விடாமல் உரசிக்கொண்டே வரும். லைட் எரியாது, சத்தமும் வராது, பெற்றோல் மட்டும் போகும். ஹபரணைக்குப் போய்ச் சேரும் கடைசி 2 கி.மீ. பிரேக் அதிகம் தொடாமல் உருண்டு போய் நிறுத்தி, வெப்பம் அளக்கும் கருவியால் நான்கு சில்லின் நடுப்பகுதியையும் பாருங்கள். இடமும் வலமும் 15 பாகைக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. கருவி இல்லாவிட்டால் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனாலே தெரியும், தொடவேண்டாம்.

#14 · உப்புவெளிச் சாரதி
முன் வலம் 51, முன் இடம் 88. பின் இரண்டும் 46, 47.

#15 · கிண்ணியா நானா
பிடிபட்டுட்டான்.

#16 · சீனக்குடா மின்னியல்
முன் இடது கலிப்பர். செய்கிறவருக்கு இதைக் காட்டுங்கள், ஏனென்றால் சாதாரணக் கார் பிரேக் மாதிரிச் செய்தால் ஆபத்து. இந்தக் காரில் பிரேக் அழுத்தத்தைக் கணினி தானே எழுப்பும். சாவியைத் திருப்பாமலே சாரதிப் பக்கக் கதவைத் திறந்தாலோ பெடலை மிதித்தாலோ பம்ப் ஓடும். பேட் கழற்றிய நேரத்தில் அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், விரல் அகப்பட்டால் விரலும் போகும். முதலில் பின்னால் உள்ள 12 வோல்ட் பற்றரியின் மறை (–) கம்பியைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்.
பின் சில்லுக்குக் கட்டை வைத்து, முன்னை ஜக்கில் தூக்கி, ஸ்டாண்டில் இருத்தி, சில்லைக் கழற்றிக் கலிப்பரைக் கம்பியில் தொங்க விடுங்கள், பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது. இரண்டு சிலைட் பின்னையும் இழுத்துப் பாருங்கள். ஒன்று வழுக்கிக்கொண்டு வரும், மற்றது முறுக்கினால்தான் வரும், அதுதான் கள்ளன். றப்பர் உறை கிழிந்திருந்தால் உறையோடு மாற்ற வேண்டும், கிழிந்த உறைக்குள் கிறீஸ் போட்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவீர்கள். பின்னில் கறள் குழி விழுந்திருந்தால் புதுப் பின். பூசுவது றப்பருக்கு ஒத்த பிரேக் கிறீஸ் மட்டும். சில்லுப் பெயரிங்குக்குப் போடுகிற சாதாரண கிறீஸ் றப்பரை ஊத வைத்து, பின்னைத் திரும்ப இறுக்கும். பேட்டின் காது உட்காருகிற தகட்டுக்கு அடியிலும் கறள் தடித்திருக்கும், அதைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியச் சுரண்டுங்கள். கூடுதலானோர் விட்டுவிடுகிற இடம் அது.
பூட்டி முடிந்ததும் சில்லு நட்டு 103 நியூட்டன்மீற்றர். 12 வோல்ட்டைக் கொழுவி, காரை நகர்த்த முன் பெடலைப் பல தரம் மிதித்து உறுதி வந்தபிறகே நகர்த்துங்கள். தூக்கியபடி 'என்' நிலையில் வைத்துக் கையால் சுற்றிப் பார்க்கலாம், ஆனால் முன் சில்லில் மோட்டாரின் பாரமும் சேர்ந்து இருக்கும், பின் சில்லுபோல இலகுவாகச் சுற்றாது. இடத்தையும் வலத்தையும் மட்டும் ஒப்பிடுங்கள்.
ஒரு வேண்டுகோள். இதை மட்டும் செய்துவிட்டு ஒரு தாங்கி ஓடுங்கள். வேகத்தை அதற்குப் பிறகு மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது எவ்வளவு தந்தது என்று யாருக்கும் தெரியாது.

#17 · குச்சவெளி
இடையில் ஒன்று. இதே பாதைக்கு வாகன்ஆர் மைல்ட் ஹைபிரிட் எடுத்தால் எப்படி?

#18 · தம்பலகாமத்தான்
அதில மோட்டார் எழும்பேக்கத் தள்ளிவிடுறதோட சரி, 70இல நிலையா ஓடேக்க அது ஒன்றும் செய்யாது. நல்ல எண் வருவது உடல் 800 கிலோ அளவில இருப்பதால. தனி ஆளுக்கு நல்லது. ஆனால் உயரமான உடல், கச்சானுக்கு முகம் குடுத்தால் அக்குவாவை விடக் கூட வாங்கும். தினமும் 176 கி.மீ. என்றால் நான் தாழ்ந்த உடலைத்தான் எடுக்கச் சொல்லுவன்.

#19 · உப்புவெளிச் சாரதி
இடது கலிப்பரின் கீழ்ச் சிலைட் பின் இறுகி, உறை கிழிந்து இருந்தது. பின்னும் உறையும் புதிது. இப்ப முன் இரண்டும் 50, 52. வேகம் மாற்றாமல் முதல் தாங்கி: 540 கி.மீ., 26.1 லீற்றர். ரயர் திருத்தத்தோடு 551, லீற்றருக்கு 21.1.
அடுத்த தாங்கி 70க்கு மேல் போகாமல்: 561 கி.மீ., 25.1 லீற்றர். திருத்தினால் 573, லீற்றருக்கு 22.8. இரண்டும் கச்சானுக்குள்தான்.

#20 · கிண்ணியா நானா
மாஷா அல்லாஹ். வாடைக்கு முதல், காத்து விழுற புரட்டாசி ஐப்பசியில ஒரு தாங்கி அளந்து வைங்க தம்பி, அதுதான் காரின்ட சொந்த எண்.

#21 · சீனக்குடா மின்னியல்
வலது பக்கத்தையும் இந்த மாதமே திறந்து கிறீஸ் போடுங்கள், அதே உப்புக் காற்றில்தான் அதுவும் நிற்கிறது. பிறகு 20,000க்கு ஒரு முறை. மாதம் 3,800 ஓடுகிற உங்களுக்கு அது ஐந்து மாதத்தில் வந்துவிடும். அந்த ரயர் தேய்ந்து முடியும்போது திரும்ப 175/65 ஆர்15, உருளல் தடை குறைந்த வகையாகப் பார்த்து எடுங்கள்.